ஓக்லாந்தின் பிடிமண்: அணி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால், நேஷனல் ஃபுட்பால் லீக் இரண்டிலும் அணி வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கும், கமிஷனர்கள் ராப் மேன்ஃப்ரெட், ராஜர் குடெல் இருவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் செம்மண். 2024 செப்டம்பர் 26 அன்று கலிபோர்னியாவின் ஓக்லாந்து கொலீசியத்தில், எங்கள் பேஸ்பால் அணியான அத்லெடிக்ஸ் ஊரை விட்டுப் போகுமுன் ஆடிய கடைசி ஆட்டம் முடிந்ததும், மைதான ஊழியர்கள் ஆடுகளத்து மண்ணை அள்ளி, போக மனமில்லாமல் நின்றவர்களுக்குக் கொடுத்தார்கள். என் மகள் சோடா குடித்து முடித்த டம்ளரை நீட்டினாள். ரயிலில் வீடு வரும்வரை அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டே வந்தாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் பிழைப்புக்காக வெளியூர் போகிறவர்கள், குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போவார்கள். போன இடத்தில் அந்த மண்ணை வைத்து ஒரு கோயில் எழுப்பிக் கும்பிடுவார்கள். பிடிமண் என்று அதற்குப் பேர். ஓக்லாந்தில் நடந்தது அதற்குத் தலைகீழ். சனம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. சாமி கிளம்பிப் போய்விட்டது. மண் மட்டும் எங்கள் கையில்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் இருப்பது ஃப்ரீமாண்ட். கொலீசியத்துக்குத் தெற்கே, ஒரே பார்ட் ரயிலில் போய் இறங்கிவிடலாம். இங்கே எந்தத் தெருவிலும் ஒரு தமிழ் வீடாவது இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் பலரும் கிரிக்கெட் தெரிந்துகொள்வதற்கு முன்பே பச்சையும் மஞ்சளுமான தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டவர்கள். உங்கள் விளையாட்டை நாங்கள் தமிழில்தான் பார்த்தோம், தமிழில்தான் சண்டை போட்டோம். மனசில் இருப்பதை அந்த மொழியிலேயே சொல்கிறேன்.

நான் போன முதல் ஆட்டம் 2010 மே 9. அன்னையர் தினம். ஆபீசில் யாரோ வரமுடியாமல் போனதால் கைக்கு வந்த டிக்கெட். புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம். அங்கே வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோக விடுவார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் ஸ்கோர் அட்டை, காதில் பென்சில். எனக்கு ஆட்டம் ஒன்றும் தெரியாது என்று புரிந்ததும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மட்டையைச் சுழற்றி அவுட்டானால் நேரான 'கே' போட வேண்டும், சுழற்றாமல் நின்றபடியே அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். ஐந்தாவது இன்னிங்ஸ் தாண்டியதும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று பயந்தேன். எதிர் அணியில் ஒருவர்கூட முதல் பேஸை (ஓடித் தொட வேண்டிய நான்கு மூலைகளில் முதலாவது) தொடவில்லை, அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. நம் வீடுகளில் சொல்வதுபோலவேதான். அன்று டாலஸ் பிரேடன் டாம்பா பே அணியின் 27 பேரையும் வரிசையாக அவுட்டாக்கினார். பெர்ஃபெக்ட் கேம். அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பையன் அவர். அன்னையர் தினத்தில், மைதானத்து நடுவில், தன்னை வளர்த்த பாட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். பெரியவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அழுதார். 1968-ல் இதே அரங்கில் கேட்ஃபிஷ் ஹண்டர் பெர்ஃபெக்ட் கேம் போட்டபோது தான் எட்டு வயதுப் பையன், அப்பாவோடு வந்திருந்தேன் என்றார். அந்த ஒரு மத்தியானத்தில் நான் இந்த ஊர்க்காரியாகிவிட்டேன்.

நீங்கள் விற்பது டிக்கெட், ஒளிபரப்பு உரிமை, தொப்பி என்று உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கலாம். அந்தப் பெரியவர் ஐம்பது வருடமாக அங்கே கொண்டுவந்து போட்டதற்கு எந்தப் பத்தியில் வரவு வைத்தீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) உரிமையாளர்களுக்கு. கொலீசியம் 1966-ல் திறந்தபோது முதலில் ஆடியது ரெய்டர்ஸ் என்ற ஃபுட்பால் அணிதான். 1982-ல் அவர்கள் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார்கள். 1995-ல் திரும்பி வந்தபோது அவர்களுக்காக ஓக்லாந்து நகரமும் அலமேடா கவுண்டியும் ஏறக்குறைய 20 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் போட்டு அரங்கை மாற்றிக் கட்டின. சீட் உரிமைப் பத்திரங்களை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்கு. சீட் பத்திரம் நினைத்த அளவு விற்கவில்லை. கட்டிய கட்டடம் மட்டும் நின்றது. அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் மலைபோல எழும்பிய அந்த அடுக்குக்கு ரெய்டர்ஸ் முதலாளி ஆல் டேவிஸின் பேரைச் சேர்த்து மவுன்ட் டேவிஸ் என்று ஊர் பேர் வைத்தது. அதற்கு முன்பு பேஸ்பால் பார்க்க வருகிறவர்களுக்கு ஓக்லாந்து மலைகள் தெரியுமாம். சாயங்கால வெயிலில் மலை நிறம் மாறுவதைப் பார்க்கவே வருவோம் என்று பழையவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஃபுட்பாலுக்காக அந்த மலையை மறைத்த அடுக்கு இந்த ஊர்ப் பணத்தில் எழும்பியது, அப்புறம் பேஸ்பால் நாளில் அதை ஆளில்லாமல் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

2017 மார்ச்சில் நீங்கள் 31-க்கு 1 என்று ஓட்டுப் போட்டு ரெய்டர்ஸை லாஸ் வேகஸுக்கு அனுப்பினீர்கள். மயாமியின் ஸ்டீபன் ராஸ் ஒருவர்தான் மறுத்தார். நெவாடா ஹோட்டல் அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் கொடுத்தது. ஊர் மாறுவதற்கு ரெய்டர்ஸ் ஒரு பெரிய கட்டணமும் கட்டியது. அந்தக் கட்டணம் மற்ற அணி உரிமையாளர்களுக்குப் பங்காகப் போனது. ஓக்லாந்துக்கு அதிலிருந்து ஒரு டாலர் வரவில்லை. அணி போன பிறகும் மவுன்ட் டேவிஸ் கடனுக்கு இந்த ஊர்தான் தவணை கட்டிக்கொண்டிருந்தது. நூலகத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் பணமில்லை என்று நகரசபை பட்ஜெட்டில் அடித்துத் திருத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இதைத்தான். குடியிருந்தவர் வாடகைப் பாக்கி வைத்துவிட்டு வீட்டைக் காலி செய்து போகிறார். அவர் போவதற்கு ஒப்புதல் தர ஒரு தொகை வாங்குகிறார்கள். அந்தத் தொகை பாக்கிக்குப் போகவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் இது நியாயம்?

ஓக்லாந்து கோர்ட்டுக்குப் போனது. வழக்கு நிற்கவில்லை. ஆனால் 2016-ல் ராம்ஸ் அணி போன பிறகு செயின்ட் லூயிஸ் போட்ட வழக்கில், 2021 நவம்பரில் 79 கோடி டாலர் கொடுத்து நீங்கள் சமரசம் செய்துகொண்டீர்கள். ஊருக்குக் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதற்கு அந்தத் தொகையைவிட வேறு சாட்சி தேவையில்லை. வக்கீல் பலம் இருந்த ஊருக்குக் கிடைத்தது, இல்லாத ஊருக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது பேஸ்பால். அணியின் உரிமையாளர் ஜான் ஃபிஷர் அத்லெடிக்ஸில் பங்கு வாங்கியது 2005-ல். அதற்குப் பிறகு நடந்த இடம் தேடலை வரிசையாகச் சொன்னாலே மூச்சு வாங்கும். முதலில் எங்கள் ஃப்ரீமாண்ட். 2006-ல் அறிவிப்பு, 2009-ல் கைவிட்டார்கள். பிறகு சான் ஹோசே. அது சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு லீக் ஒதுக்கிய எல்லை என்று தடை, சான் ஹோசே தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2015-ல் முடிந்தது. 2017-ல் லேனி கல்லூரிக்குப் பக்கத்தில் ஓர் இடம். கல்லூரி நிர்வாகம் மறுத்தது. 2018-ல் துறைமுகத்தை ஒட்டிய ஹவர்ட் டெர்மினல். இந்தத் தேடலுக்கு நடுவில்தான் 'ஓக்லாந்தில் வேர் விட்டவர்கள்' என்ற அர்த்தத்தில் அணியே முழக்கம் போட்டது. 2021 மே மாதம் வேறு ஊர் பார்க்கலாம் என்று லீக் அனுமதி கொடுத்தது. ஜூலையில் நகரசபை ஒப்பந்த வரைவுக்கு ஒப்புதல் தந்தது. 2023 ஏப்ரலில் லாஸ் வேகஸில் நிலம் பார்த்தாயிற்று என்று செய்தி வந்தது.

ஓக்லாந்து பக்கம் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கொலீசியத்தில் சாக்கடை பொங்கியது உண்மை. நகர நிர்வாகம் மெதுவாக நகர்ந்தது உண்மை. துறைமுகத் திட்டத்தில் சாலைக்கும் மேம்பாலத்துக்கும் பணம் யார் தருவது என்ற கேள்வி கடைசிவரை தீரவில்லை. ரெய்டர்ஸிடம் ஒருமுறை சூடுபட்ட ஊர், வரிப்பணத்தை அள்ளிக் கொடுக்கத் தயங்கியது. தயங்கியதற்காக நான் அந்த ஊரை மெச்சுகிறேன்.

கூட்டம் வரவில்லை என்பதுதான் எப்போதும் நீங்கள் சொல்லும் காரணம். அதே கொலீசியத்துக்கு 1990-ல் 29 லட்சம் பேர் வந்தார்கள். நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றுவிட்டு, கட்டடத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, டிக்கெட் விலையை ஏற்றினால் எந்த ஊரில் கூட்டம் வரும்? 2023 ஜூன் 13 உங்களுக்கு நினைவிருக்கும். புறக்கணிப்புக்கு எதிர்ப்பதமாக, அரங்கை நிரப்பிக் காட்டுவோம் என்று ரசிகர்களே ஏற்பாடு செய்த இரவு. ஒரு செவ்வாய்க்கிழமை. 27,759 பேர். அணியை 'விற்றுவிடு' என்று ஃபிஷருக்கு எழுதிய பச்சைச் சட்டையை இலவசமாகக் கொடுத்தார்கள். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது அத்தனை பேரும் எழுந்து நின்று வாயைத் திறக்காமல் இருந்தோம். அந்த அமைதியில் நெடுஞ்சாலைச் சத்தம் கேட்டது. அப்புறம் எழுந்த குரலில் சிமெண்ட் படி அதிர்ந்தது காலுக்குத் தெரிந்தது. என் மகள் காதைப் பொத்திக்கொண்டே கத்தினாள். அதே நாளில்தான் நெவாடா செனட் வேகஸ் அரங்குக்கான 38 கோடி டாலர் மசோதாவை நிறைவேற்றியது.

திரு. மேன்ஃப்ரெட் அவர்களே, அந்த இரவைப் பற்றி உங்களிடம் கேட்டபோது, ஒரு நாளைக்காவது லீக்கின் சராசரிக் கூட்டத்துக்குக் கிட்டத்தட்ட வந்தது நல்லது என்ற பொருளில் பதில் சொன்னீர்கள். உங்கள்மேல் கோபப்பட்டு இதை எழுதவில்லை. அன்று அங்கே இருந்தவர்களில் ஒருத்தியாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை ரொம்ப வலித்தது. அதே ஆண்டு நவம்பரில், அணி வேகஸுக்குப் போகலாம் என்று 30-க்கு 30 ஓட்டு. ஃபுட்பாலிலாவது ஒருவர் மறுத்தார்.

மறு ஆண்டு செப்டம்பரில் கடைசி ஆட்டம். 46,889 பேர். முதல் பந்தை ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் எறிந்தார்கள், இருவருமே ஓக்லாந்துப் பிள்ளைகள். ரிக்கி இந்தத் தெருக்களில் வளர்ந்தவர். அடி விழக் காத்திராமல் ஓடி 1,406 பேஸ்களைத் திருடியவர், அந்தச் சாதனைக்குப் பக்கத்தில்கூட யாரும் வந்ததில்லை. கொலீசியத்தின் ஆடுகளத்துக்கே அவர் பேர்தான். மூன்று மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 20 அன்று போய்விட்டார். அவர் ஓடிய மண்ணும் இந்த டம்ளரில் இருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள். அவ்வப்போது மண் மாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. பேஸ்பாலும் ஃபுட்பாலும் கடைசியாக ஒரே அரங்கில் ஆடியது இங்கேதான். செப்டம்பர் மாதத்தில் ரெய்டர்ஸ் ஆடும்போது பச்சைப் புல்லின் நடுவே பேஸ்பால் செம்மண் அப்படியே கிடக்கும், அதன் மேலேயே வெள்ளைக் கோடு போட்டு ஆடுவார்கள். உங்கள் இரண்டு லீக்கும் கடைசியாகச் சேர்ந்து மிதித்த மண் இது.

அத்லெடிக்ஸ் இப்போது மேற்குச் சாக்ரமென்டோவில் ஒரு சின்ன லீக் அரங்கில் ஆடுகிறது. 14,000 பேர் கொள்ளும் இடம். 2025-ல் சராசரிக் கூட்டம் பத்தாயிரத்தைத் தொடவில்லை. பேரில் எந்த ஊரும் கிடையாது, வெறும் அத்லெடிக்ஸ். 2028-ல் வேகஸுக்குப் போவார்கள் என்கிறது திட்டம். நிக் கர்ட்ஸ் என்ற இளைஞர் 2025 ஜூலையில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தார். அந்தச் சட்டையில் எங்கள் பிள்ளையாக வந்திருக்க வேண்டியவர். ஏஸ் (அத்லெடிக்ஸின் சுருக்கப் பேர்) வீரராக ஓக்லாந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. டிவியில் பார்த்துவிட்டு என் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இது ஓக்லாந்தோடு முடிந்த கதையாக இருந்தால்கூட நான் எழுதியிருக்கமாட்டேன். 2024 ஏப்ரலில் மிசௌரி மாநிலத்துக் கான்சஸ் சிட்டியில் சீஃப்ஸ் (ஃபுட்பால்), ராயல்ஸ் (பேஸ்பால்) இரண்டு அணிகளின் அரங்குக்கும் விற்பனை வரியை 40 ஆண்டு நீட்டிக்கக் கேட்டார்கள். ஜாக்சன் கவுண்டி மக்கள் முடியாது என்று ஓட்டுப் போட்டார்கள். 2025 டிசம்பரில், மாநில எல்லை தாண்டி கான்சஸுக்குப் போகிறோம் என்று சீஃப்ஸ் அறிவித்தது. க்ளீவ்லாந்து பிரவுன்ஸ் நகரத்தை விட்டுப் பக்கத்தில் புரூக் பார்க்குக்குப் போக ஒஹாயோ மாநிலம் 60 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரே பேச்சு: தா, இல்லாவிட்டால் போகிறோம். ஓட்டுப் போட்டு முடியாது என்று சொன்ன மக்களுக்கு அந்த முடியாதுக்கு மதிப்பே இல்லை என்று ஆகிறது. பொருளாதாரம் படித்தவர்களில் பெரும்பாலோர் பல வருடமாகச் சொல்வது, அரங்குக்குப் போட்ட வரிப்பணம் ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்பதுதான்.

கான்சஸ் சிட்டி பேரைச் சொன்னதும் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன். ஏஸ் அணி ஓக்லாந்தில் பிறந்ததல்ல. 1901-ல் பிலடெல்பியாவில் தொடங்கி, 1955-ல் கான்சஸ் சிட்டிக்குப் போய், அங்கிருந்து 1968-ல் இங்கே வந்தது. சார்லி ஃபின்லி என்ற முதலாளி ஓர் ஊரிடமிருந்து பிடுங்கி இன்னோர் ஊருக்குக் கொடுத்த அணிதான் எங்கள் அணி. அந்தப் பெரியவருக்கும் அது தெரியும். "அங்கேயும் ஒரு பையன் அழுதிருப்பான்" என்று ஒருநாள் சொன்னார்.

ஆனால் அந்தப் பையனுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். மிசௌரி செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன் உங்கள் முன்னோர்களை விடவில்லை. 1922-ல் உச்ச நீதிமன்றம் பேஸ்பாலுக்குக் கொடுத்த ஏகபோகத் தடைச் சட்ட விலக்கில் கைவைப்பேன் என்று எச்சரித்தார். இன்னும் சில வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றிருந்தவர்கள் 1969-லேயே கான்சஸ் சிட்டிக்கு ராயல்ஸைக் கொடுத்தார்கள். இடையில் ஒரே ஒரு சீசன்தான் அந்த ஊர் அணி இல்லாமல் இருந்தது. ஃபுட்பாலிலும் அப்படித்தான். பிரவுன்ஸ் பால்டிமோருக்குப் போனபோது பேரும் நிறமும் சாதனைப் புத்தகமும் க்ளீவ்லாந்திலேயே நின்றன, 1999-ல் புது அணி வந்தது. தன் அணியை இழந்த ஹூஸ்டனுக்கும் 2002-ல் வந்தது. மனசு வைத்தால் உங்களால் முடியும்.

அதனால் நான் கேட்பது இரண்டே இரண்டு.

ஒன்று, இரண்டு லீக்கும் செய்ய வேண்டியது. ஓர் அணி ஊர் மாறினால், அந்தக் கட்டணத்தின் முதல் பங்கு அது விட்டுவிட்டுப் போகும் ஊரின் அரங்கக் கடனுக்குப் போகட்டும். கடன் அடைந்த பிறகு மிச்சம் இருந்தால் நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பேஸ்பாலில் ஏஸுக்கு அந்தக் கட்டணத்தையே வேண்டாம் என்று விட்டீர்கள். இனி விடாதீர்கள், அது உங்களுடைய பணம் மட்டுமல்ல. இதை விதியாக எழுதி வையுங்கள். கோர்ட்டில் கெஞ்சி வாங்கும் நிலை எந்த ஊருக்கும் வரக்கூடாது.

இன்னொன்று, பேஸ்பாலுக்கு. திரு. மேன்ஃப்ரெட், 2029 ஜனவரியில் நீங்கள் பதவி விடுவதற்குள் லீக்கை 32 அணியாக்கும் ஊர்களைத் தேர்ந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். நாஷ்வில், சால்ட் லேக் சிட்டி என்று பேர்கள் அடிபடுகின்றன. அந்த வரிசையில் முதலில் ஓக்லாந்தைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஊரின் திட்டம் சரியில்லையென்றால் அப்போது மறுக்கலாம். கூப்பிடாமலே விட்டுவிடாதீர்கள்.

ஓக்லாந்தில் பேஸ்பால் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால், மேற்கு ஓக்லாந்தில் ரைமண்டி பூங்காவுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். கவனிப்பாரற்றுக் கிடந்த நகரப் பூங்கா அது. 2024-ல் பயனியர் லீக்கில் பாலர்ஸ் என்ற புது அணி அங்கே ஆட ஆரம்பித்தது. ரசிகர்களுக்கே அணியில் பங்கு விற்றார்கள். கொலீசியத்தில் வலதுபக்கப் படிகளில் முரசு அடித்தவர்களின் தாளம் இங்கே கேட்கிறது. வெங்காயம் வதங்கும் வாசனை, ரயில் நிலையத்துப் பாலத்தில் பன்றி இறைச்சி சுற்றிய ஹாட் டாக் விற்றார்களே, அதே வாசனை இங்கேயும் வருகிறது. 2025-ல் அவர்கள் லீக் கோப்பையை வாங்கினார்கள். 1989-க்குப் பிறகு பேஸ்பாலில் ஓக்லாந்து பார்த்த முதல் கோப்பை. கிரீன் பே என்ற ஒரு லட்சம் பேர் உள்ள சின்ன ஊரில் பேக்கர்ஸ் அணி நூறு வருடமாக நகராமல் இருப்பதும் ஊர்க்காரர்களே பங்குதாரர்களாக இருப்பதால்தான். இன்னோர் ஊர் அப்படி வைத்துக்கொள்ள ஃபுட்பால் லீக்கின் விதி விடாது. அதையும் ஒருநாள் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

பெரியவர் இப்போது அதிகம் வெளியே வருவதில்லை. போன கோடையில் ரைமண்டி பூங்காவுக்கு மட்டும் நாங்கள் காரில் அழைத்துப் போனோம். மரப்பலகையில் உட்கார்ந்து ஸ்கோர் அட்டையை என் மகள் கையில் கொடுத்துவிட்டார். கண் சரியாகத் தெரியவில்லை என்றார். யார் அவுட், எப்படி அவுட் என்று அவள் சொல்லச் சொல்ல, கே நேரா திருப்பியா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டம்ளர் மண் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. ஓக்லாந்தில் புது ஆடுகளத்துக்கு மண் கொட்டுகிற நாள் எது என்று சொல்லி அனுப்புங்கள். கொண்டுவந்து சேர்க்கிறோம்.

இப்படிக்கு,
ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஒரு ரசிகை